தேய்மானம்

பிப்ரவரியில் மாரிபோருக்குப் போனேன்,
பையில் முந்நூறு மஞ்சள் ஒட்டுத்தாள்களோடு.
மே மாதம்வரை பொறுப்பதாக வங்கி சொல்லியிருந்தது.
அதற்குள் அந்த வால்வு ஆலையில்
உள்ளதற்கெல்லாம் விலை போடவேண்டும் நான்.

கடைசல் இயந்திரம் ஏழு. ஒன்றுக்குப் பல் போயிருந்தது.
சுவீடன் பாரந்தூக்கி ஒன்று, இன்னும் நல்ல விலை பெறும்.
கூரைத் தகடு, சதுர மீட்டர் கணக்கில்.
உணவறைக் காபி இயந்திரத்துக்கும் ஒட்டினேன்.
ஒட்டியபின் அதில் காபி பிடிக்கக் கூச்சமாக இருந்தது.

முற்றத்தில், பனி மூடிய பலகைகளின் மேல்
திரியெஸ்தே கப்பல் பட்டறை திருப்பி அனுப்பிய
தொள்ளாயிரம் வால்வுகள்.
கசிந்தவை சில.
எவை என்று ஆலையால் சொல்ல முடியவில்லை,
ஆகவே எல்லாமே திரும்பின.
பழைய இரும்பு என்று எடைக்கு எழுதிக்கொண்டேன்.

சோதனை அறையில், அழுத்தமானிக்குப் பின்னால்
கட்டம் போட்ட பள்ளி நோட்டுகள் இருபத்து மூன்று.
காபிக் கறை, எண்ணெய் விரல்,
பொஸ்னிய மொழியில் நெருக்கி எழுதிய பென்சில் எழுத்து.
பழைய காகிதம், நாலு கிலோ, நாற்பது சென்ட்.

மிலோய்கா ரெப்னிக் அதிலொன்றைப் பிரித்தாள்.
நீதிமன்றம் அனுப்பிய மேலாளர்; முப்பத்தோரு வயது;
குளிருக்கு இரண்டு காலுறை போட்டுக்கொண்டு
ஓட்டைப் படகில் பொறுப்பேற்றவள்.
"செவ்வாய். வார்ப்பு 41. சீறவில்லை, முணுமுணுக்கிறது"
என்று தட்டுத்தடுமாறி வாசித்தாள்.
அடுத்த வரியில் ஒரு சின்ன மீன் படம்.
அதற்கடுத்து பிறை.
பிறகு பக்கம் பக்கமாக மீன்.

யார் எழுதியது?

செனாதா ஹோஜிச். பதினேழு வருஷம் சோதனை மேசை.
நவம்பரில் ஆள் குறைத்தபோது
முதல் பட்டியலில் நாலாவது பெயர்.
அந்தப் பட்டியலில் மிச்சமான சம்பளத் தொகையை
ஆலை அப்போது லாபம் என்று எழுதியிருந்தது.
பத்தியைச் சரிபார்த்தவன் நான்தான்.

திராவா நதிப் பாலத்துக்கு அப்பால்
பல்பொருள் அங்காடியின் ரொட்டிப் பிரிவில் இருந்தாள்,
பிளாஸ்டிக் கையுறையோடு.
மீன் என்றால் என்ன என்று கேட்டோம்.
கசகசா ரொட்டி மூன்றை ஒரு கிழவருக்குக் கட்டிக் கொடுத்துவிட்டு
என்னைப் பார்த்துக் கேட்டாள்:
நோட்டுக்கு எவ்வளவு போட்டீர்கள்?

சொன்னேன்.

மொத்தத்துக்குமா, ஒன்றுக்கா?

மொத்தத்துக்கு.

அவள் சிரித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

மீன் என்றால் ஈரம், என்றாள் கடைசியில்.
நதி மூடுபனி ஏறிய நாளில் மணல் காயாது.
அச்சு வியர்க்கும், இரும்புக்குள் குமிழி நிற்கும்.
அழுத்தமானி முள் அசையாது,
காதை வைத்தால் கேட்கும்.
ஆனால் எந்த மணல் எந்த எண்ணுக்குப் போனது என்பது
மார்யெத்தாவுக்குத் தெரியும்.
உலை எப்போது அணைந்தது என்பது ஜெவாதுக்கு.
நான் தனியாக வந்தால் பாதி நோட்டுதான்.
மூன்று பேரையும் கூப்பிடுங்கள்.
பழைய சம்பளத்துக்கு அல்ல.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள்.
ஏட்டில் ஏறாத சுரைக்காயைத்தான்
குப்பையில் போட இருந்தோம் நாங்கள்.

ஜெவாத் கிராஸுக்குப் போய்விட்டிருந்தான், திரும்ப மாட்டேன் என்றான்.
ஞாயிறுகளில் தொலைபேசியில் மட்டும் பேசினான்,
மணிக்கு இவ்வளவு என்று.
மற்ற இருவரும் வந்தார்கள்.
தொள்ளாயிரத்தில் அறுநூற்று நாற்பது நல்லவை என்று
எண் எண்ணாகப் பிரித்தார்கள்.
திரியெஸ்தே அவற்றை எடுத்துக்கொண்டது,
ஒவ்வொன்றும் ஏன் கசியாது என்ற தாளோடு.
கோடையில் அந்தத் தாளுக்காகவே
வேறு இரண்டு ஆலைகள் பணம் கட்டி வந்தன,
தங்கள் வார்ப்பின் முணுமுணுப்பைக் கேட்கச் சொல்லி.
வங்கி மே மாதத்தை டிசம்பராக்கியது.

நூற்றுப் பன்னிரண்டு பேர் திரும்ப வரவில்லை.
அதையும் எழுதிவைக்கிறேன், இதற்குப் பத்தி இல்லாவிட்டாலும்.

மறுமதிப்பீட்டுக்கு அக்டோபரில் போனேன்.
என் மஞ்சள் தாள்கள் பாதி உதிர்ந்திருந்தன.
நோட்டுகளைப் புதிய வரியில் ஏற்றினேன், பெரிய தொகை.
கணினி உடனே கேட்டது:
பயன்படும் ஆண்டுகள் எத்தனை? தேய்மானம் போடவேண்டும்.

செனாதாவைக் கூப்பிட்டேன்.
பின்னால் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.
இடது காது இப்போதே மந்தம், என்றாள்,
அதற்கு ஆறு போடுங்கள்.

வலது?

அதை நான் இன்னும் அவர்களுக்கு விற்கவில்லை.